பெயர் எழுதிய போர்வை

குயில்ட் என்பதற்குத் தமிழில் நேரான சொல் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, மூன்றையும் சேர்த்து ஊசியால் ஓட்டித் தைத்தால் குயில்ட். மேல் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒட்டுப்போட்டும் செய்வார்கள். நான் பிழைக்க வந்திருக்கும் புனே பக்கம் இதைக் 'கோதடி' என்கிறார்கள். பழைய புடவைகளை அடுக்கிக் கையால் தைப்பது. பீகாரில் 'சுஜனி', வங்காளத்தில் 'காந்தா'. நம்முடைய 'கந்தை'யும் அந்தக் 'காந்தா'வும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவைதான். நாம் கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னோம்; வங்காளிகள் அடுக்கித் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

இந்தப் பதிவு கோதடியைப் பற்றியது அல்ல. ஊர் கூடித் தைப்பதைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, உலகத்திலேயே அதிகம் பேர் சேர்ந்து தைத்த ஒரு போர்வையைப் பற்றியது. அதை யாரும் போர்த்திக்கொண்டதில்லை. (கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.)

ஊர் கூடித் தைப்பது

அமெரிக்கக் கிராமங்களில் 19-ஆம் நூற்றாண்டில் 'குயில்டிங் பீ' என்று ஒரு வழக்கம் இருந்தது. மேல் துணியை ஒருத்தி தன் வீட்டில் மாதக்கணக்கில் தைத்து வைத்திருப்பாள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது தனி ஆளால் சட்டென்று முடிகிற வேலை இல்லை. ஒருநாள் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவாள். பெரிய மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, சுற்றி உட்கார்ந்து நாலு பக்கமிருந்தும் தைத்து வருவார்கள். சாப்பாடு கூப்பிட்ட வீட்டில். கல்யாணப் பேச்சும் ஊர்வம்பும் கூடவே நடக்கும். நம் ஊரில் முறுக்குச் சுற்ற, அப்பளம் இட, தெருப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள் இல்லையா, அதே கதைதான்.

1840-களில் இதில் ஒரு புதுப் பழக்கம் சேர்ந்தது. குயில்டின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தன் பெயரை மையால் எழுதியோ நூலால் தைத்தோ கொடுப்பது. ஊரைவிட்டு மேற்கே குடிபெயரும் குடும்பத்துக்கு இப்படி ஒன்றைத் தைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று இரண்டு பக்கமும் தெரியும். பெயர்களையாவது கூட எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான். பிற்பாடு தேவாலயங்கள் இதையே நிதி திரட்டும் வழியாக்கின. சில்லறைக் காசு கொடுத்தால் உங்கள் பெயரும் குயில்டில் ஏறும். முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இப்படி நிறையத் தைத்தார்கள்.

ஆக, போர்வையில் பெயர் எழுதுவது அமெரிக்காவில் பாட்டி காலத்துப் பழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகலாம்.

சுவரில் ஒட்டிய அட்டைகள்

1978 நவம்பர் 27 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும், நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்றவர் மில்க். ஆண்டுதோறும் அந்த நாளில் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போவது வழக்கமாயிற்று. மில்க்கின் அலுவலகத்தில் வேலை பார்த்த கிளீவ் ஜோன்ஸ் என்ற இளைஞர் அதை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர்.

இதற்கிடையில் 1981 ஜூனில் புதுவிதமான ஒரு நோய் பற்றி முதல் மருத்துவக் குறிப்பு வெளியாகி, பிறகு அதற்கு எய்ட்ஸ் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. 1985-ல் ஊர்வலத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அந்த ஒரு நகரத்தில் மட்டும் எய்ட்ஸால் இறந்தவர்கள் 1,000 பேரைத் தாண்டிவிட்டார்கள் என்று ஜோன்ஸுக்குத் தெரியவந்தது. ஊர்வலத்துக்கு வந்தவர்களிடம் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, தங்களுக்குத் தெரிந்து இறந்தவர் ஒருவருடைய பெயரை எழுதச் சொன்னார். ஊர்வலம் முடிந்த இடத்தில் மத்திய அரசின் கட்டடம் ஒன்று இருந்தது. ஏணி போட்டு ஏறி அட்டைகளை அதன் சுவரில் ஒட்டினார்கள். விலகி நின்று பார்த்த ஜோன்ஸுக்கு அந்தச் சுவர், இண்டியானா மாநிலத்தில் தன் வீட்டுப் பாட்டிமார் தைத்த ஒட்டுப்போர்வை மாதிரி தெரிந்தது.

பெயருக்கு ஏன் இத்தனை முக்கியம்? அன்றைய நிலவரத்தைச் சொன்னால்தான் புரியும். எய்ட்ஸால் செத்தவரின் உடலை வாங்க மறுத்த சவ அடக்க நிலையங்கள் இருந்தன. மகனுக்கு என்ன நோய் என்பதைச் சொல்லாமல் 'நீண்ட நாள் உடல்நலக் குறைவு' என்று பத்திரிகையில் போட்ட பெற்றோர் இருந்தார்கள். பத்து வருடம் கூடவே வாழ்ந்த துணைவரை அடக்கத்துக்கே விடாத குடும்பங்களும் உண்டு. அதிபர் ரீகன் எய்ட்ஸ் பற்றித் தனியாக ஒரு பெரிய உரை நிகழ்த்தியது 1987 மே 31 அன்றுதான். அதற்குள் அந்த நாட்டில் 20,000 பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். அழுவதற்கு ஒரு கல்லறைகூட இல்லாமல் பல பேர் நின்றார்கள்.

மூன்றடிக்கு ஆறடி

ஜோன்ஸ் முதல் துணியைத் தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காகச் செய்தார். 1987 ஜூனில் ஒரு சின்னக் குழு கூடி 'நேம்ஸ் ப்ராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியது. நேம்ஸ் என்றால் பெயர்கள். மார்க்கெட் தெருவில் ஒரு கடையைப் பிடித்தார்கள். என்னென்ன தேவை என்று கேட்டதும் தையல் மிஷின்களும் துணியும் ஆட்களும் தானாகவே வந்து சேர்ந்தன.

அவர்கள் வகுத்த விதி ஒன்றே ஒன்றுதான் என்று சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் 3 அடி அகலம், 6 அடி நீளத்தில் ஒரு துணி. அதற்குப் பேனல் என்று பெயர். ஏறத்தாழ ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. அதற்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் செய்யலாம். தைக்கத் தெரிந்தவர்கள் தைத்தார்கள், தெரியாதவர்கள் பெயிண்ட் அடித்தார்கள், பசை போட்டு ஒட்டினார்கள். ஜோன்ஸின் முதல் பேனலே பெயிண்ட் அடித்ததுதான். நடிகர் ராக் ஹட்சனுக்கும் அதே பதினெட்டுச் சதுர அடி, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு டிரக் டிரைவருக்கும் அதே பதினெட்டுச் சதுர அடி.

இந்த அளவில் ஒரு கணக்கும் இருக்கிறது. எட்டுப் பேனல்களைச் சேர்த்தால் 12-க்கு 12 அடியில் சரியான சதுரம் ஒன்று கிடைக்கும். ஓரத்தில் கேன்வாஸ் பட்டி வைத்து அடித்து, உலோக வளையம் போட்ட துளைகள் வைத்துவிட்டால், எந்தச் சதுரத்தையும் எந்தச் சதுரத்தோடும் கோத்துக்கொள்ளலாம், பிரிக்கலாம், லாரியில் ஏற்றலாம். எவ்வளவு பெரிதானாலும் தாங்கும் ஏற்பாடு. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் ஆயிரம் ஊரில் தைத்ததை ஒன்றாக்க வேண்டுமென்றால், விதி குறைவாகவும் கறாராகவும் இருக்கவேண்டும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். :-)

கெர்ட் மக்மல்லின் என்ற பெண் அந்த 1987-லேயே நண்பர்களுக்காகப் பேனல் செய்துகொண்டு கடைக்கு வந்தவர். பிறகு மற்றவர்கள் கொண்டுவரும் பேனல்களைச் சதுரமாக இணைத்துத் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் அதையே செய்தார். 2020-ல் கொரோனா வந்தபோது, மிச்சம் கிடந்த துணியில் நூற்றுக்கணக்கில் முகக்கவசம் தைத்ததும் இவர்தான்.

புல்வெளியில் ஒரு விடியற்காலை

1987 அக்டோபர் 11. வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிரே நீண்டு கிடக்கும் பெரிய புல்வெளிக்கு நேஷனல் மால் என்று பெயர். (கடைகள் இருக்கும் மால் அல்ல!) அங்கே விடியற்காலையில் 1,920 பேனல்களை விரித்தார்கள். ஒரு கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய பரப்பு. அந்த வார இறுதியில் ஐந்து லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

விரிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள், பின்னாலும் அதையே பின்பற்றினார்கள். வெள்ளை உடையில் எட்டெட்டுப் பேராக வாலண்டியர்கள். சதுரங்கள் தாமரை மொட்டு மாதிரி மடித்து வைக்கப்பட்டிருக்கும். சுற்றி நின்று இதழ் இதழாகப் பிரிப்பார்கள். முழுதும் விரிந்ததும் தூக்கிப் பிடித்து, ஒரு திருப்புத் திருப்பி, அதற்குரிய இடத்தில் வைப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். ஒரு பெயருக்கு 5 வினாடி என்று வைத்தாலும், 1,920 பெயருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு சிறு கோயில் திருவிழாவுக்கு உள்ள ஒழுங்கு அதில் இருந்தது.

ஏழு பேரும் ஒன்பதாயிரம் பேரும்

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி 1988-ல் வருகிறது. அந்த வசந்த காலத்தில் நான்கு மாதம், 20 நகரங்களுக்குக் குயில்டை எடுத்துப்போனார்கள். கூடவே பயணம் செய்த குழுவில் இருந்தவர்கள் ஏழே பேர். போன இடங்களில் சேர்ந்துகொண்ட உள்ளூர் வாலண்டியர்கள் 9,000-க்கு மேல். சராசரி போட்டால் ஊருக்கு 450 பேர்.

இந்த 450 பேரும் என்ன செய்தார்கள்? மண்டபம் பிடிக்கவேண்டும். தரையில் கட்டம் போட்டுக் குறிக்கவேண்டும். விரிப்பவர்களுக்கு ஒத்திகை வைக்கவேண்டும். பெயர் வாசிக்க ஆள் பிடித்து, ஆளுக்கொரு பட்டியல் கொடுத்து, உச்சரிப்பைச் சரிபார்க்கவேண்டும். மூக்குச் சிந்தவும் கண் துடைக்கவும் காகிதக் கைக்குட்டைப் பெட்டிகளோடு நடைபாதையில் நிற்க ஆள் வேண்டும். அழுகிறவர் பக்கத்தில் சும்மா நிற்பதும் ஒரு வேலைதான். பார்க்க வந்தவர்கள் எழுதுவதற்கு ஒரு வெள்ளைத் துணியும் பேனாக்களும் வைக்கவேண்டும். வெட்டவெளி என்றால், மழை தூறினால் ஓடிவந்து மடிக்க ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, புதுப் பேனல்களை வாங்கி வைக்கும் மேசை. அந்த ஊர்க்காரர்கள் தாங்கள் தைத்ததை அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பேனலோடு, இறந்தவரைப் பற்றி ஒரு கடிதமும் எழுதித் தரலாம். ஒரு தாய் மாதக்கணக்காக மடியில் வைத்துத் தைத்த துணியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டிய இடம் அது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அளவை மட்டும் பார்த்தால் போதாது.

அந்தப் பயணம் முடிந்தபோது கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர் திரண்டு, அந்தந்த ஊரில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கவனிக்கும் அமைப்புகளுக்குப் போனது. பேனல்கள் 6,000-க்கு மேல் ஆகிவிட்டன. அக்டோபரில் வெள்ளை மாளிகைக்கு எதிரே விரித்தபோது 8,288.

துணியில் இருந்தவை

ஜீன்ஸ், கரடி பொம்மை, பார்பி பொம்மை, கார் சாவி, கல்யாண மோதிரம், காதல் கடிதம், கௌபாய் பூட்ஸ், இறந்தவரின் சாம்பல். இதெல்லாம் பேனல்களில் தைத்தும் ஒட்டியும் இருப்பவை.

எல்லாமே புகழ்மாலை அல்ல. ராய் கோன் என்ற வழக்கறிஞர், 1950-களில் செனட்டர் மெக்கார்த்தியின் வலதுகையாக இருந்து கம்யூனிஸ்டுகளையும் தன்பாலீர்ப்பாளர்களையும் வேட்டையாடியவர். அவரே 1986-ல் எய்ட்ஸால் இறந்தார். தனக்கு எய்ட்ஸ் இல்லை என்று கடைசி வரை சாதித்தவர். அவருக்கும் ஒரு பேனல் உண்டு. பெயருக்குக் கீழே மூன்று சொற்கள்: அடாவடிக்காரன், கோழை, பலியானவன். அந்த மூன்றாவது சொல்லை எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

ரயன் வைட் பெயரும் இருக்கிறது. ரத்தம் உறையாத நோய்க்கு ஏற்றிய மருந்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றிய சிறுவன். 1985-ல் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்டு, வழக்காடி உள்ளே போனவன். 1990-ல் 18 வயதில் இறந்தான்.

முழுப்பெயர் இல்லாத பேனல்களும் இருக்கின்றன. பெயரின் முதல் பாதி மட்டும். அல்லது பெயரே இல்லாமல் ஒரு சொல். குடும்பத்துக்கு விருப்பமில்லை, அல்லது தைத்தவருக்குப் பயம். பெயர் சொல்வதற்கென்றே பிறந்த ஒரு குயில்ட், அவற்றையும் அதே அளவு இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது.

போர்வையா, போராட்டமா?

எல்லோரும் இதைப் பாராட்டினார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. 'ஆக்ட் அப்' என்ற போராட்டக் குழுவில் பலருக்குக் குயில்ட் மீது கோபம் இருந்தது. மருந்துக்கும் ஆராய்ச்சிக்கும் அரசு பணம் ஒதுக்காமல் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, அழகான துணி விரித்து அழுவது அரசுக்குத்தான் வசதி என்பது அவர்கள் வாதம். 1992 அக்டோபர் 11 அன்று, வாஷிங்டனில் குயில்ட் விரித்திருந்த அதே வார இறுதியில், அவர்கள் தங்கள் அன்புக்குரியவர்களின் சாம்பலைச் சுமந்து ஊர்வலமாகப் போய் வெள்ளை மாளிகையின் வேலிக்கு மேலாகப் புல்தரையில் கொட்டினார்கள்.

யார் செய்தது சரி என்று முப்பது வருடத்துக்கு அப்புறம் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். எனக்கு இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கமாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் இறந்தவரைத் தலைநகருக்கு எடுத்துவந்து 'இவர் இருந்தார்' என்றார்கள். ஒருவர் கையில் துணி, இன்னொருவர் கையில் சாம்பல். சாம்பல் கொட்டியவர்களை அரசு திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. துணி விரித்தவர்களை, அதுவரை தன் மகனுக்கு என்ன நோய் என்று வெளியே சொல்லாத அம்மா திரும்பிப் பார்த்தார்.

இன்னொரு குறை நியாயமானது. கறுப்பின மக்கள் இந்த நோயில் இழந்த அளவுக்கு அவர்கள் பெயர்கள் குயில்டில் ஏறவில்லை. அதைச் சரிசெய்யத்தான் பின்னாளில் 'கால் மை நேம்' என்ற திட்டம் வந்தது. தேவாலயங்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் கூட்டம் கூட்டி, துணியும் நூலும் கொடுத்து, சேர்ந்து உட்கார்ந்து தைப்பது. பழைய குயில்டிங் பீ திரும்பி வந்த மாதிரி.

கடைசியாக முழுதாக விரித்தது

1996 அக்டோபரில் குயில்ட் முழுவதையும் நேஷனல் மாலில் விரித்தார்கள். அப்போது ஏறத்தாழ 40,000 பேனல்கள். அதிபர் கிளின்டன் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு முழுதாக விரித்ததே இல்லை. அத்தனை பெரிதாகிவிட்டது. அதே 1996-ல்தான் கூட்டு மருந்துச் சிகிச்சை நடைமுறைக்கு வந்து, சாகவிருந்தவர்கள் பிழைக்கத் தொடங்கினார்கள். புதுப் பேனல்கள் வருவது குறைந்தது. ஒரு அமைப்பு தன் வேலை குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது அபூர்வம்.

இன்று சுமார் 50,000 பேனல்கள், 1,10,000 பெயர்கள், 54 டன் எடை. ஒரு பெயருக்கு 5 வினாடி என்ற பழைய கணக்கில், எல்லாப் பெயர்களையும் இடைவிடாமல் வாசிக்க ஆறு நாளுக்கு மேல் வேண்டும். நடுவில் அட்லாண்டா போயிருந்த குயில்ட், மீண்டும் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கே வந்துவிட்டது. பேனலோடு வந்த கடிதங்கள் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 2022 ஜூனில் கோல்டன் கேட் பூங்காவில் கிட்டத்தட்ட 3,000 பேனல்களை விரித்தபோதும் வாலண்டியர்கள்தான் வந்து விரித்தார்கள்.

நம் பக்கம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரி எடுத்து, வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்துக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தத் துணியிலும் இல்லை.

1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்பவர் ரத்த தானம் செய்திருந்தார். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. போலீஸ் அவரைப் பிடித்துப்போய், டி.பி. நோயாளிகளுக்கான பழைய கட்டடம் ஒன்றில் 64 நாள் அடைத்து வைத்தது. அவர் பெயர் ஊருக்கே தெரிந்தது, அவரைக் கேட்காமலேயே. அவர் 1992-ல் இறந்தார். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்ற பாதுகாப்பைத் தரும் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

பெயரை வெளியே சொல்வது நல்லதா, கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் சொல்கிறார்கள் என்று கேட்கவேண்டும். போலீஸ்காரர் சொன்னால் அது தண்டனை. இறந்தவரோடு ஒரே வீட்டில் இருந்தவர், தைக்கத் தெரியாத கையால் கோணல்மாணலாகத் தைத்துச் சொன்னால் அது மரியாதை. சான் பிரான்சிஸ்கோ கடையில் சேர்ந்த வாலண்டியர்கள் செய்தது அந்த இரண்டாவதற்கு ஒரு இடம் ஏற்படுத்திக் கொடுத்ததுதான். அளவைச் சொன்னார்கள், மிஷின் கொடுத்தார்கள், வந்ததை வாங்கி வைத்தார்கள். என்ன எழுதவேண்டும் என்று சொல்லவில்லை.

இப்போதும் பேனல்களை வாங்கிக்கொள்கிறார்கள். அளவு அதேதான், மூன்றடிக்கு ஆறடி.

பி.கு: குயில்டைப் பற்றி 'காமன் த்ரெட்ஸ்' என்று ஒரு ஆவணப்படம் இருக்கிறது. 1989-க்கான ஆஸ்கர் விருது வாங்கியது. கிடைத்தால் பாருங்கள். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.